கண்காட்சி மேசையில் பழைய கணினி முரண்டு பிடித்தால்: அறிகுறிவாரியாகப் பழுது நீக்கும் வழி

1980களின் வீட்டுக் கணினிகளில் புதிய வன்பொருளைப் பொருத்தி, பார்வையாளர்கள் தொட்டு விளையாடும்படி மேசையில் வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கமடோர் 64-க்கு எஸ்டி கார்டு வாசிப்பான், அமிகா 500-க்கு பைஸ்டார்ம் (அசல் செயலியின் இடத்தில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை உட்காரவைக்கும் பலகை), ஸ்பெக்ட்ரமுக்கு டிவ்எம்எம்சி (எஸ்டி கார்டை வாசிக்கும் இணைப்பு), எல்லாவற்றுக்கும் ஹெச்டிஎம்ஐ திரை. வீட்டில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் அரங்கில் கதவு திறந்த அரை மணி நேரத்தில் படுத்துவிடும். வருகிற பழுதுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை என்பதால் அவற்றை அறிகுறிவாரியாகத் தொகுத்திருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் மின்சாரம். அடுத்து நாம் புதிதாகச் சேர்த்த உதிரி. அசல் ஐசி கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திரை கறுப்பாக இருந்தால் உடனே உறையைக் கழற்றி, நாற்பது ஆண்டு பழைய ஐசியைச் சாக்கெட்டிலிருந்து நெம்புகிறார்கள். அப்படி நெம்பும்போது கால் உடைந்துபோன ஐசிகளைப் பார்த்திருக்கிறேன். பழுதோ அடாப்டரில் இருந்திருக்கும். ஒரு புதிய ஹெச்டிஎம்ஐ பெட்டியைக் கடையில் மறுபடி வாங்கலாம். கமடோரில் ஒலியை உருவாக்கும் சிட் ஐசியை இன்று எந்தத் தொழிற்சாலையும் தயாரிப்பதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், சோதித்து வைத்த மாற்று மின்வழங்கி, 1.5 ஆம்பியர் ஃப்யூஸ்கள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, வேலை செய்யும் என்று உறுதியான ஒரு ஜாய்ஸ்டிக், நகல் எடுத்த எஸ்டி கார்டுகள், கமடோர் இருந்தால் ஒரு டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் (கறுப்புத்திரை காட்டும் கணினியின் நினைவகத்தைச் சோதிப்பது). பற்றவைப்புக் கோலை அரங்குக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. கூட்டத்துக்கு நடுவே அவசரமாகப் பற்றவைத்தால் பலகையின் செம்புத் தடம் பெயர்ந்துவிடும்.

அறிகுறி: விளக்கே எரியவில்லை

சுவரில் இருக்கும் சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதன் ஃப்யூஸ் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அரங்குகளில் ஒரே பெட்டியில் நான்கு மேசைகளின் இணைப்பு செருகியிருக்கும்; யாராவது காலால் இடறியிருப்பார்கள்.

அதெல்லாம் சரி என்றால் கணினியின் சொந்தச் சுவிட்ச். கமடோர் 64-ன் சுவிட்ச் உள்ளே ஆக்ஸைடு படிந்து தொடர்பு விட்டுப்போகும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதைப் பலமுறை மேலும் கீழும் தட்டிப் பாருங்கள். உயிர் வந்துவிட்டால் இன்றைய நாள் ஓடிவிடும். வீட்டுக்குப் போனதும் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள்.

இன்னும் எரியவில்லை என்றால் மின்வழங்கியைக் கணினியிலிருந்து பிரித்து, தனியாக அளந்து பாருங்கள். வோல்ட் வரவில்லை என்றால் மாற்று மின்வழங்கிக்கு மாறுங்கள். பழையதைத் திறந்து பார்க்க வேண்டாம். கமடோரின் அசல் மின்வழங்கிகளில் பல எபாக்ஸி ஊற்றி மூடப்பட்டவை, அவற்றைத் திறந்து சரிசெய்ய வழியில்லை.

ஸ்பெக்ட்ரமாக இருந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: யார் எந்த அடாப்டரைச் செருகினார்கள்? ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின்னாக இருக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை நடுமுனை நேர்மின். செருகி அப்படியே பொருந்திவிடும் என்பதுதான் ஆபத்து. தவறானதைச் செருகியிருந்தால் சரியானதை மாற்றிச் செருகிச் சோதிக்காதீர்கள். இயந்திரத்தை மேசையிலிருந்து எடுத்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, திரை கறுப்பு (கமடோர் 64)

இதுதான் அடிக்கடி வருவது, அவசரப்பட்டு அதிகம் கெடுத்துக்கொள்வதும் இதில்தான்.

*கிளை 1: கார்ட்ரிட்ஜ் செருகியிருக்கிறதா?* மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதை உருவுங்கள். எஸ்டி கார்டு வாசிப்பான், காசெட் துறையில் (போர்ட்டில்) செருகிய மின்இணைப்பு, ஜாய்ஸ்டிக்குகள் என வெளியே தொங்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெறும் கணினி, மின்வழங்கி, திரை மட்டும் போதும். இப்போது நீலத்திரை வந்து, 38911 பைட் மீதம் என்று காட்டினால் கணினிக்கு ஒன்றுமில்லை. கார்ட்ரிட்ஜின் தங்கமுலாம் விளிம்பை ஆல்கஹாலால் துடைத்து, முழுதாக உள்ளே போகும்வரை செருகுங்கள். சற்றுச் சாய்வாக நின்றாலே திரை கறுத்துவிடும். வட்டு இயக்கியைப் போலவே நடந்துகொள்ளும் அல்டிமேட் வகைக் கார்ட்ரிட்ஜ் தனக்கு வேண்டிய 5 வோல்ட்டைக் கணினியிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அசல் மின்வழங்கி அந்த 5 வோல்ட்டில் தருவது சுமார் 1.5 ஆம்பியர்தான். கார்ட்ரிட்ஜ் செருகினால் கறுப்பு, எடுத்தால் சரி என்று வந்தால் மின்வழங்கியை மாற்றிப் பார்த்த பிறகே கார்ட்ரிட்ஜைக் குறை சொல்லுங்கள்.

*கிளை 2: வெறும் கணினியும் கறுப்புதான்.* இப்போது 5 வோல்ட்டை அளக்க வேண்டும். முதலில் மின்வழங்கியைத் தனியாக. 5.25-க்கு மேல் காட்டினால் அதைத் திரும்பச் செருகவே கூடாது. அசல் மின்வழங்கி சாகும்போது அமைதியாகச் சாவதில்லை. வோல்ட்டை உயர்த்தி, நினைவக ஐசிகளையும் கூட அழைத்துக்கொண்டு போகும். குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டி, சூடான பிறகு ஏறுகிற மின்வழங்கிகளும் உண்டு. அதனால் காலையில் ஒருமுறை அளந்ததை வைத்து மாலைவரை நிம்மதியாக இருக்க முடியாது. கண்காட்சிக்கு அசல் மின்வழங்கியை இயக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காட்சிக்கு மேசையில் வையுங்கள், அழகாகவே இருக்கும். ஓட்டுவதற்கு, தரமாகச் செய்த புதியது வேண்டும். குறைந்தபட்சம் இடையில் அதிக வோல்ட்டைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பெட்டியாவது வேண்டும்.

தனியாக அளந்தபோது சரியாக இருந்தால் கணினியில் செருகி, பயனர் துறையின் 1-ஆம் 2-ஆம் முனைகளுக்கு நடுவே அளவுங்கள். 4.75-க்குக் கீழே இறங்கினால் மின்வழங்கி, செருகி, சுவிட்ச் மூன்றில் ஒன்றில் வோல்ட் விழுகிறது. அளக்கும்போது மீட்டர் முனை வழுக்கி 10, 11 முனைகளைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே 9 வோல்ட் மாறுமின்சாரம் இருக்கிறது.

*கிளை 3: 5 வோல்ட் சரி, இன்னும் கறுப்பு.* 10, 11 முனைகளுக்கு நடுவே மாறுமின்சாரத்தை அளவுங்கள். வரவில்லை என்றால் கணினியின் உள்ளே இருக்கும் 1.5 ஆம்பியர் ஃப்யூஸ் போயிருக்கும். பவர் விளக்கு 5 வோல்ட்டில் எரிவதால் இந்தப் பழுதிலும் அது பிரகாசமாகவே இருக்கும். பலரை ஏமாற்றுவது இதுதான். பழைய பலகைகளில் படத்தை உருவாக்கும் விக் ஐசிக்கு வேண்டிய 12 வோல்ட் இந்த 9 வோல்ட் மாறுமின்சாரத்திலிருந்துதான் கிடைக்கிறது, ஆகவே திரை கறுப்பு. பின்னாளில் வந்த குட்டைப் பலகைகளில் படம் வரும், ஒலிதான் வராது. ஃப்யூஸை அதே அளவில் மாற்றுங்கள். மாற்றியதும் மறுபடி போனால் இன்னொரு ஃப்யூஸைச் செலவழிக்காதீர்கள். உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது தொழில் தெரிந்தவர் வேலை.

*கிளை 4: இரண்டு மின்சாரமும் சரி.* இப்போதுதான் உள்ளே பார்க்கலாம். முதலில் நீங்கள் பொருத்திய புதிய உதிரிகள்: சிட் இடத்தில் ஆர்ம்சிட், பி.எல்.ஏ. (எந்த ஐசியோடு செயலி பேசுவது என்று பிரித்துவிடும் ஐசி) இடத்தில் புதிய மாற்று, கெர்னல் (கணினியின் அடிப்படை நிரல்) மாற்றும் சுவிட்ச் பலகை. காரில் வரும்போது அதிர்ந்து சாக்கெட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் எழும்பியிருக்கும். ஐசியின் இரு முனைகளிலும் விரலால் சமமாக அழுத்துங்கள். மடங்கிய கால் இருக்கிறதா என்று பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பக்கமாக மடங்கிய கால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. வட்டை வேகமாக வாசிக்கும் ஜிஃபிடாஸ் கெர்னல் போட்டிருந்தால் அசலுக்குத் திருப்பிச் சோதியுங்கள்.

அடுத்தது டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ். நினைவகத்தில் கோளாறு என்றால் திரை கண்சிமிட்டும். எத்தனை சிமிட்டு என்பது எந்த ஐசி என்று காட்டிக்கொடுக்கும். சிமிட்டவே இல்லை, படமும் இல்லை என்றால் பி.எல்.ஏ., செயலி, விக் மூன்றில் ஒன்று. 906114-01 என்ற எண் போட்ட அசல் பி.எல்.ஏ. வெப்பத்தில் சாவதற்குப் பேர்போனது, சாக்கெட்டில் இருந்தால் மாற்று போட்டுப் பார்ப்பது எளிது. விரலால் தொட்டுச் சோதிப்பதும் உதவும், ஆனால் விக்கும் சிட்டும் பி.எல்.ஏ.வும் நல்ல நிலையிலேயே சுடும் என்பதை நினைவில் வையுங்கள். நினைவக வரிசையில் ஏழு வெதுவெதுப்பாகவும் ஒன்று மட்டும் கொதித்துக்கொண்டும் இருந்தால் அந்த ஒன்றுதான் சந்தேகத்துக்குரியது.

பற்றவைத்த ஐசியை எடுக்க வேண்டிய கட்டம் வந்தால் நிறுத்துங்கள். அது உறிஞ்சுகோல் நிலையம் உள்ளவரிடம் போக வேண்டும்.

அறிகுறி: கணினி ஓடுகிறது, ஹெச்டிஎம்ஐ திரையில் படம் சரியில்லை

*"சிக்னல் இல்லை" என்று வருகிறது.* ஐரோப்பிய கமடோர் 64 விநாடிக்கு 50.12 முறை, பின்னல் இல்லாத (ஒற்றை, இரட்டை வரிகளை மாறிமாறிப் பின்னாத) 312 வரிகளை அனுப்புகிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சி இதைத் தகராறில்லாமல் ஏற்கும். புதிய திரைகளில் சில 50 ஹெர்ட்ஸையே ஏற்காது. அரங்கு தரும் திரையை நம்பாமல், சோதித்துப் பார்த்த திரையை நீங்களே கொண்டுபோவது சிக்கனம். கைவசம் ஒரு சிறிய குழாய்த் தொலைக்காட்சி இருந்தால் கணினியில் பிழையா, மாற்றியில் பிழையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

*படம் வருகிறது, நகரும் உருவங்கள் சீப்புப் பல் போலப் பிளக்கின்றன.* மலிவான காம்போசிட் (படம் முழுதும் ஒரே கம்பியில் வரும் சமிக்ஞை) மாற்றி, பின்னல் இல்லாத படத்தைப் பின்னல் உள்ளதாக எடுத்துக்கொண்டு இரண்டு சட்டங்களைக் கலக்கிறது. இதற்கு அமைப்புகளில் தீர்வு இல்லை. ரெட்ரோடிங்க் போல அந்தக் காலத்துச் சமிக்ஞையை அறிந்து செய்யப்பட்ட மாற்றி வேண்டும். ஓ.எஸ்.எஸ்.சி. என்ற மாற்றியும் நல்ல கருவி, ஆனால் அது காம்போசிட்டையோ எஸ்-வீடியோவையோ (நிறம் தனிக்கம்பியில் வருவது) ஏற்பதில்லை. அது ஏற்கும் ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வருவது) வெளியீடே கமடோர் 64-ல் கிடையாது. இரண்டையும் நேரே இணைக்கப் பார்த்துப் பணத்தை விரயமாக்கியவர்கள் நிறைய. பிபிசி மைக்ரோவில் ஆர்.ஜி.பி. இருக்கிறது, அதற்கு ராஸ்பெரி பை ஜீரோவில் ஓடும் ஆர்ஜிபிடுஹெச்டிஎம்ஐ பலகை அருமையாகப் பொருந்தும், அந்தப் பலகை முதலில் உருவானதே அந்தக் குடும்பத்துக்காகத்தான்.

*படம் கறுப்பு வெள்ளை.* எஸ்-வீடியோ கேபிளின் நிறக்கம்பி தொடர்பில்லை, அல்லது கணினி ஐந்து முனைத் துறை கொண்ட ஆரம்பகால மாதிரி. அதில் நிறக்கம்பி தனியாக வெளியே வருவதில்லை, காம்போசிட்டுக்கு மாறுங்கள்.

*நிறம் வழிகிறது, விளிம்புகள் கரடுமுரடு.* கமடோரின் நிறச் சமிக்ஞை எஸ்-வீடியோ எதிர்பார்ப்பதைவிட வலுவானது. நிறக்கம்பியில் 300 ஓம் அளவில் ஒரு மின்தடை சேர்த்த கேபிளைப் பயன்படுத்துங்கள். பத்து ரூபாய் உதிரி, பெரிய வித்தியாசம்.

அறிகுறி: காலையில் சரி, மதியத்துக்கு மேல் உறைந்து நிற்கிறது

மறுபடி போட்டால் ஓடி, இருபது நிமிடத்தில் மீண்டும் நின்றால் வெப்பம். உடனே கணினியை ஸ்பாட்லைட்டுக்குக் கீழிருந்து நகர்த்துங்கள். மேசை விரிப்பு அடிப்பக்கக் காற்றுத்துளைகளை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வெல்வெட் விரிப்பு பார்க்க எடுப்பாக இருந்தாலும் இயந்திரத்துக்குப் போர்வைதான். ஆரம்பகால கமடோர் 64 பலவற்றின் உள்ளே, பலகைக்கு மேலே வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைத் தடுப்பு இருக்கும். ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்தது, வெப்பத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். அதை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு விக், சிட், பி.எல்.ஏ. மீது சிறிய ஹீட்சிங்குகள் ஒட்டுங்கள். ஸ்பெக்ட்ரமில் 7805 சீராக்கிதான் சூட்டின் ஊற்று. அதற்குப் பதிலாகப் பொருத்தும் ஸ்விட்சிங் வகைச் சீராக்கி கணினியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். அசலைக் கழற்றி உறையில் போட்டு வையுங்கள்.

வெப்பம் இல்லை, ஆனால் பக்கத்து மேசைக்காரர் கெட்டிலையோ லேசர் பிரிண்டரையோ போடும்போதெல்லாம் நிற்கிறது என்றால் மின்னழுத்தம் சரிகிறது. வேறு சுற்றிலிருந்து இணைப்புத் தரச்சொல்லி அரங்கின் எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இதில் உங்கள் கணினியில் நோண்ட ஒன்றுமே இல்லை.

அறிகுறி: எஸ்டி கார்டிலிருந்து விளையாட்டு ஏறவில்லை

*"டிவைஸ் நாட் பிரசன்ட்" என்று வருகிறது.* கமடோரின் எஸ்டி வாசிப்பானான எஸ்டி2ஐஇசி தன் 5 வோல்ட்டைப் பெரும்பாலும் காசெட் துறையிலிருந்து எடுக்கிறது. அந்தச் சிறு செருகி நழுவியிருக்கிறதா பாருங்கள். அது சரி என்றால் சாதன எண். அசல் 1541 வட்டு இயக்கியும் எஸ்டி வாசிப்பானும் ஒரே நேரத்தில் 8 என்று சொல்லிக்கொண்டால் இரண்டுமே வேலை செய்யாது; ஒன்றை 9 ஆக்குங்கள்.

*"சர்ச்சிங்" என்று சொல்லி அப்படியே நிற்கிறது.* காட்சிக்காக வைத்த 1541, மின்சாரம் இல்லாமல் கேபிளில் மட்டும் இணைந்திருக்கிறதா? அணைந்த இயக்கி முழுத் தடத்தையும் கீழே இழுத்துவிடும். அதைப் போடுங்கள் அல்லது பிரியுங்கள். பிரிப்பதற்கு முன் கணினியை அணைக்க வேண்டும். சீரியல் கேபிளை ஓடும்போது செருகி எடுத்தால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும், அதோடு இந்தச் சிறிய பழுது பெரிய பழுதாகிவிடும்.

*கார்டைப் பார்க்கிறது, கோப்பு இல்லை என்கிறது.* கார்டை எஃப்.ஏ.டி.32 முறையில் வடிவமைத்து, 32 ஜிபிக்கு மிகாத கார்டையே பயன்படுத்துங்கள். நகல் கார்டைப் போட்டு ஓடினால் பழையதை ஒதுக்கிவிடுங்கள். அரங்கில் கார்டுக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம்.

*முதல் திரை வந்தபின் ஏறாமல் நிற்கிறது.* இது பழுதே அல்ல. 1541-க்குள் தனிச் செயலி இருந்தது. பல விளையாட்டுகள் தங்கள் சொந்த அதிவேக ஏற்றியை அதற்குள் அனுப்பி ஓட்டின. எஸ்டி2ஐஇசி அந்தச் செயலியைப் போலச் செய்வதில்லை, சில ஏற்றிகளை மட்டும் அடையாளம் காண்கிறது. அந்த விளையாட்டை அல்டிமேட் கார்ட்ரிட்ஜிலோ ஈஸிஃபிளாஷ் என்ற கார்ட்ரிட்ஜ் வடிவிலோ ஓட்டுங்கள். கண்காட்சிக்குக் கார்ட்ரிட்ஜ் வடிவம்தான் மிகச் சிறந்தது: யாராவது குழப்பிவிட்டால் அணைத்துப் போட்டாலே போதும், எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

அறிகுறி: விசைகள் தானாக அடிக்கின்றன, அல்லது ஜாய்ஸ்டிக் கேட்கவில்லை

*தானாக எழுத்து விழுகிறது.* 1-ஆம் துறையில் ஜாய்ஸ்டிக் இருந்தால் உருவுங்கள். கமடோரில் அந்தத் துறையும் விசைப்பலகையும் ஒரே கம்பிகளைப் பகிர்கின்றன. ஆட்டோஃபயர் போட்ட ஜாய்ஸ்டிக் திரையை இடைவெளிகளால் நிரப்பிவிடும். எழுத்துக்குப் பதில் படக்குறிகள் வந்தால் ஷிஃப்ட் லாக் கீழே இருக்கிறது. ஒரு குழந்தை அழுத்திவிட்டுப் போயிருக்கும்.

*ஒரு சில விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை.* கமடோரில் கரித்திண்டில் அழுக்கு, ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகும். ஸ்பெக்ட்ரமில் ஒரே வரிசையாகச் சில விசைகள் போனால் மெம்ப்ரேனின் (விசைகளுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தாள்) வால் காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது. அதை வெட்டி ஒட்டுவதைவிடப் புதியது வாங்குவது மேல். புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

*ஜாய்ஸ்டிக்கை மாற்றியும் ஒரு திசை வேலை செய்யவில்லை, அல்லது நீலத்திரை வந்தும் கர்சர் கண்சிமிட்டவில்லை.* விசைப்பலகையையும் ஜாய்ஸ்டிக்கையும் கவனிக்கும் 6526 என்ற சி.ஐ.ஏ. ஐசி அடிபட்டிருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்காட்சிகளில் கமடோருக்கு நேரும் பெரிய சேதம் இந்த வழியாகத்தான் வருகிறது. ஜாய்ஸ்டிக் துறையின் ஒன்பது முள்களில் நான்கு திசைகளுக்கும் சுடும் பொத்தானுக்கும் உரிய ஐந்தும் இடையில் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் அந்த ஐசிக்கே போகின்றன. அரங்கில் கம்பளம் விரித்திருப்பார்கள். நைலான் கம்பளத்தில் நடந்துவந்த ஒருவர், ஜாய்ஸ்டிக் இல்லாத திறந்த துறையை விரலால் தடவினால் போதும்: ஒரு சிறு நிலைமின் பொறி, ஐசியின் ஒரு வரி காலி. திறந்த துறைகளுக்கு மூடி போடுங்கள். ஒன்பது முனை டி வடிவ உறைமூடி எந்த மின்னணுக் கடையிலும் கிடைக்கும். ஜாய்ஸ்டிக்குக்குச் சிறு நீட்டிப்புக் கேபிள் போட்டு அதன் முனையை மேசையில் கட்டிவைத்தால் யாரும் கணினிப் பக்கம் கைநீட்டத் தேவையே இருக்காது. இன்னொன்று: சேகா மெகா டிரைவ் கட்டுப்பாட்டுப் பலகையும் அதே ஒன்பது முனைச் செருகிதான். ஆர்வமுள்ள பார்வையாளர் தன்னுடையதைக் கொண்டுவந்து செருகிப் பார்க்கட்டுமா என்று கேட்பார். மறுத்துவிடுங்கள், அது சி.ஐ.ஏ.வைக் கெடுக்கக்கூடும்.

சோதனை எளிது. கமடோரில் இரண்டு சி.ஐ.ஏ.க்கள் உண்டு: ஒன்று விசைப்பலகையையும் ஜாய்ஸ்டிக்கையும், மற்றது சீரியல் துறையையும் கவனிக்கிறது. இரண்டும் சாக்கெட்டில் இருந்தால் இடம்மாற்றிப் போடுங்கள். விசைப்பலகை சரியாகி, சீரியல் துறை படுத்தால் ஐசிதான் பழுது. எஸ்டி வாசிப்பான் இல்லாமல் கார்ட்ரிட்ஜில் இன்றைய நாளை ஓட்டிவிடலாம். இடம்மாற்றியும் அதே பழுது என்றால் துறையோ கேபிளோதான் காரணம். ஐசி பற்றவைத்திருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: ஒலி இல்லை

ஹெச்டிஎம்ஐ மாற்றிக்கு ஒலிக்கம்பி செருகியிருக்கிறதா, திரையின் ஒலி அளவு ஏறியிருக்கிறதா என்பதற்குமேல் போக வேண்டிய தேவை அரிது. போக வேண்டி வந்தால் சிட் 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஆர்ம்சிட் போன்ற மாற்றைப் போட்டு ஒலி வந்தால் அசல் போய்விட்டது என்று அர்த்தம்.

அறிகுறி: அமிகா 500 ஒரே நிறத்தில் நிற்கிறது

அமிகா தன் நோயைத் தானே சொல்லும். சிவப்பு என்றால் கிக்ஸ்டார்ட் ரோம் (தொடக்க நிரல் இருக்கும் ஐசி), பச்சை என்றால் சிப் நினைவகம், மஞ்சள் என்றால் செயலி தடுமாறியிருக்கிறது. வட்டைப் பிடித்த கையின் படம் வந்தால் இயந்திரம் நலம், வட்டைத்தான் காணவில்லை.

கைப்படத்தில் நின்றால் கோடெக்கை (வட்டு இயக்கியின் இடத்தில் யுஎஸ்பி குச்சியை வாசிக்கும் பெட்டி) பாருங்கள். யுஎஸ்பி குச்சி எஃப்.ஏ.டி.32-ல் இருக்க வேண்டும். கோடெக்கின் முகப்பு எண்ணே எரியவில்லை என்றால் அதன் மின்செருகி கழன்றிருக்கிறது.

நிறத்தில் நின்றால், பைஸ்டார்ம் இருக்கும்பட்சத்தில் முதல் சந்தேகம் அதன்மேல்தான். அது 68000 செயலியின் சாக்கெட்டில் உட்கார்ந்து, ராஸ்பெரி பையின் பசிக்கும் சேர்த்து அமிகாவின் 5 வோல்ட்டை இழுக்கிறது. எஸ்டி கார்டை நகலுக்கு மாற்றுங்கள். பார்வையாளர்கள் சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் அணைப்பார்கள், எழுதிக்கொண்டிருக்கும் கார்டு அப்போது சிதையும். அதுவும் உதவவில்லை என்றால் பைஸ்டார்மைக் கழற்றி அசல் 68000-ஐத் திருப்பிப் போடுங்கள். இதற்காகவே அந்த ஐசியை நிலைமின் காக்கும் உறையில் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். அசலில் ஓடினால் மாலைவரை அசலிலேயே ஓடட்டும், 7 மெகாஹெர்ட்ஸ் அமிகாவைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள்.

அசலிலும் நிறத்தில் நின்றால் அடிப்பக்கக் கதவைத் திறந்து ஏ501 நினைவக அட்டையைப் பாருங்கள். அதன் நிக்கல் காட்மியம் மின்கலம் கசிந்து பச்சைப் பொடி படிந்திருந்தால் அட்டையை வெளியே எடுத்துவிட்டு இயக்குங்கள். பொடி தாய்ப்பலகைவரை இறங்கியிருந்தால் மேசையிலிருந்து எடுத்து நிபுணரிடம் சேருங்கள்.

அறிகுறி: புகை, கருகிய நாற்றம்

பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில் ரிஃபா என்ற பெயர் பொறித்த வடிகட்டி கெபாசிட்டர்கள் உண்டு. உள்ளே இருப்பது காகிதம். வெளி உறை விரிசல் விட்டு ஈரம் இறங்கினால் ஒருநாள் வெடித்து அரங்கையே புகையால் நிரப்பும். கணினி அதன்பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். சுவர்ச் சுவிட்சை அணையுங்கள், செருகியை உருவுங்கள், பார்வையாளர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மின்வழங்கியைத் திறப்பது அரங்கில் வேண்டாம், பழக்கமில்லாதவர்கள் வீட்டிலும் வேண்டாம். சுவர் மின்சாரம் நேரடியாக வரும் பகுதி அது. தொழில் தெரிந்தவர் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர்களாக மாற்றித் தருவார். செலவு சொற்பம், கண்காட்சிக்கு முன்பே செய்துவிட வேண்டிய வேலை. 1984-ல் இந்தியப் பள்ளிகளில் தொடங்கிய கிளாஸ் கணினித் திட்டத்துக்கு வந்தவை பிபிசி மைக்ரோக்கள்தான். அந்தக் காலத்து இயந்திரம் ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால் முதல்முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அறிகுறி: தொட்டால் லேசாகச் சுண்டுகிறது

நிலக்கம்பி இல்லாத ஸ்விட்சிங் அடாப்டர்களில் இந்தக் கூச்சம் சகஜம். ஆனால் அதே கசிவு, ஓடும் கணினியில் படக்கேபிளைச் செருகும் நொடியில் ஐசி வழியாகப் பாயும். எல்லாக் கேபிள்களையும் இணைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள். கூச்சம் அதிர்ச்சியாக மாறினால், அல்லது அரங்கின் பிளக்கில் நிலமுனை வேலை செய்யவில்லை என்று தெரிந்தால், எலெக்ட்ரீஷியன் பார்த்து முடிக்கும்வரை அந்த மேசையில் எதையும் போடாதீர்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

கணினியை அணைத்து மேசையிலேயே வைத்து, பழுது என்று எழுதிய அட்டையை முன்னால் நிறுத்துங்கள். செத்த கமடோரின் உறைக்குள் ராஸ்பெரி பையை ஒளித்து, எமுலேட்டரை ஓட்டி, அசல் போலக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. எமுலேட்டரை ஓட்டலாம், பக்கத்தில் தனித்திரையில், எமுலேட்டர் என்று பெயர் எழுதி. ஓடுகிற இயந்திரங்களுக்கும் எது அசல், எது நாம் சேர்த்தது என்ற அட்டை வேண்டும். பழுது வரும்போது எதை முதலில் கழற்றுவது என்பதும் அந்த அட்டையிலிருந்தே தெரியும்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது ஒரு தாளையும் சேர்த்துக் கொடுங்கள்: முதலில் தெரிந்த அறிகுறி, எத்தனை மணி நேரம் ஓடியபின் வந்தது, 5 வோல்ட்டும் 9 வோல்ட்டும் எவ்வளவு காட்டின, எதையெல்லாம் கழற்றிச் சோதித்தீர்கள், எந்த ஐசியை எந்தச் சாக்கெட்டுக்கு மாற்றினீர்கள், உள்ளே இருக்கும் புதிய உதிரிகள் என்னென்ன. புதிய உதிரிகளைக் கழற்றி வைத்துக்கொண்டு வெறும் கணினியை மட்டும் அனுப்பாதீர்கள். பழுது அவற்றில் ஒன்றில் இருந்தால் அவரால் கண்டுபிடிக்க முடியாது.